தாய் எழுதும் நுழைவுத் தேர்வு

2015ஆம் ஆண்டு மே மாதம் லண்டனின் ஸ்டாம்ஃபோர்ட் ஹில் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு கடிதம் போனது. அனுப்பியவர்கள் பெல்ஸ் என்ற ஹசிதிய யூதப் பிரிவின் பள்ளிகளை நடத்துபவர்கள். தாய்மார்கள் கார் ஓட்டுவது பெருகிவிட்டது, இது நம் அடக்க ஒழுக்கத்துக்குப் பொருந்தாது, ஆகஸ்டிலிருந்து தாய் கார் ஓட்டும் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லை என்பது செய்தி. மருத்துவக் காரணம் போல ஏதாவது இருந்தால் ஒரு குழுவிடம் விண்ணப்பிக்கலாம். விஷயம் வெளியே வந்ததும் பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் இது சட்டத்துக்குப் புறம்பானது என்றது. கல்வி அமைச்சர் நிக்கி மார்கனும் கண்டித்தார். பெல்ஸ் பெண்கள் அமைப்போ பள்ளிகளின் பக்கம் நின்று அறிக்கை விட்டது.

தடைகளுக்கு நம் ஊரிலும் பஞ்சமில்லை என்பதால் தடை எனக்குப் பெரிய வியப்பைத் தரவில்லை. தண்டனை போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப யோசித்தேன். வண்டி ஓட்டுகிறவள் தாய். வகுப்பறைக்கு வெளியே நிற்கப்போவது பிள்ளை.

ஏழு ஆண்டு கழித்து, 2022 செப்டம்பரும் அக்டோபரும் நான் லண்டனில் இருந்தேன். பிரிட்டிஷ் நூலகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களைப் பார்க்கும் வேலை. தங்கியது ஹெண்டனில், சித்தி மகள் வீட்டில். பக்கத்து வீட்டில் வைதிக யூதக் குடும்பம், ஐந்து பிள்ளைகள். இரண்டு பையன்களுக்குப் பிறகு பிறந்த மூத்த பெண்ணுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. "அக்கா, அவங்க வீட்ல இப்ப ஸ்கூல் பேச்சைத் தவிர வேற பேச்சே இல்ல" என்றாள் என் தங்கை.

இங்கிலாந்தில் பதினொரு வயதில் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்கு மாறுகிறார்கள். அக்டோபர் 31க்குள் விண்ணப்பம் போட வேண்டும். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். மார்ச் 1 அன்று எந்தப் பள்ளி என்று தெரியும். மதம் சார்ந்த பள்ளிகளில் பலவற்றை அரசே பணம் கொடுத்து நடத்துகிறது. நம் ஊரில் அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் அந்த மதத்தவருக்கு அவை முன்னுரிமை தரலாம். அதற்குத் தனியாக ஒரு படிவம், அதில் ரபியின் கையெழுத்து. இவை போக முழுக்கத் தனியார் பள்ளிகள் உண்டு. அவற்றின் படிவங்கள் இன்னும் நீளமானவை.

யூதப் பெண் பிள்ளைக்கு வடமேற்கு லண்டனில் பள்ளிகளுக்குக் குறைவில்லை. கென்டனில் 1732இல் தொடங்கிய ஜே.எஃப்.எஸ். இருக்கிறது, இருபாலரும் படிப்பது. 2010இல் திறந்த ஜேகாஸ், எல்லா யூதப் பிரிவினருக்கும் பொதுவானது. வைதிகக் குடும்பங்களுக்கு ஹஸ்மோனியன் பெண்கள் பள்ளி. அதற்கும் கட்டுப்பாடாக வேண்டுமென்றால் தனியார் பெண்கள் பள்ளிகள். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் சில மைல்களுக்குள் அடங்கிவிடும்.

அந்த அக்டோபரில் சுக்கோத் பண்டிகை. பக்கத்து வீட்டுப் பின்தோட்டத்தில் பலகை அடித்து, மேலே மூங்கிலும் தழையும் பரப்பிப் பந்தல் போட்டிருந்தார்கள். பண்டிகை முடியும்வரை சாப்பாடு அதற்குள்தான். நான் கொடியில் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த அம்மாள் வேலியோரம் வந்து பேசுவார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். நான் பெண்கள் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன் என்று தங்கை சொல்லியிருந்தாள். அதனாலேயே பேச்சு வளர்ந்தது.

எந்த ஊர் என்று கேட்டார். திருத்தணிப் பக்கம் என்றேன். அவருக்குத் தெரிந்த ஒரே இந்தியக் கோயில் திருப்பதி! மணமான வைதிக யூதப் பெண்கள் கூந்தலை மறைக்க வேண்டும். பலர் 'ஷைட்டல்' என்ற பொய்க்கூந்தல் அணிகிறார்கள். 2004இல் ஜெருசலேமின் ரபி எல்யாஷிவ், இந்தியக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த முடியால் செய்த ஷைட்டலை அணியக்கூடாது என்று தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளினிலும் ஜெருசலேமிலும் பெண்களின் பொய்க்கூந்தல்களைத் தெருவில் குவித்து எரித்தார்கள். இவர் 2003இல் கல்யாணத்துக்கு வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. நான் 1999இல் அப்பாவின் உடம்பு தேறியதற்காகத் திருப்பதியில் மொட்டை போட்டவள் என்றேன். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. அவர் விரல்விட்டு வருஷங்களை எண்ணிப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

மறுநாள்தான் ஒரு படிவத்தை எடுத்து வந்து காட்டினார். ஒரு தனியார் பெண்கள் பள்ளியுடையது. தாய் தலையை எதனால் மறைக்கிறார்? வீட்டில் இணையம் உண்டா, இருந்தால் வடிகட்டி போட்டிருக்கிறதா? தாயின் கைபேசி எந்த வகை? தாய் எந்தப் பள்ளியில், எந்த செமினரியில் படித்தவர்? அவரை அறிந்த ரபி யார்? சேரப்போகும் சிறுமியைப் பற்றி ஒரே ஒரு பக்கம். அதிலும் பாதி, தடுப்பூசி விவரம்.

"பையன்களுக்கு இவ்வளவு இருந்ததா?" என்று கேட்டேன்.

"அவர்கள் அப்பா படித்த இடத்துக்கே போனார்கள். அரை மணி நேரப் பேச்சில் முடிந்தது."

தாயை வைத்துப் பிள்ளையை அளப்பதில் தாராளமான பள்ளி, கட்டுப்பாடான பள்ளி என்ற வேறுபாடும் கிடையாது. ஜே.எஃப்.எஸ். பள்ளியில் ஒரு பையனுக்கு இடம் மறுத்தார்கள். அப்பா பிறப்பால் யூதர். தாய் இத்தாலியக் கத்தோலிக்கப் பெண்ணாக இருந்து யூத மதத்துக்கு மாறியவர். ஆனால் மாற்றிவைத்தவர்கள் வைதிகப் பிரிவினர் அல்லர். தாய் யூதர் என்று ஏற்கப்படாததால் மகனும் யூதன் இல்லை என்றது பள்ளி. வழக்கு பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009 டிசம்பரில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், இது இனப் பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பள்ளி பிறப்பை விட்டுவிட்டு அனுசரிப்பைக் கேட்கத் தொடங்கியது: ஜெபக்கூடத்துக்கு எத்தனை முறை வந்தீர்கள் என்று. குடும்பங்கள் வருகைச் சீட்டு சேர்த்தன. தீர்ப்பு சரியானதுதான் என்பது என் எண்ணம். ஆனாலும் சின்னக் குழந்தைகளைக் கிளப்பி, சாப்பாடு கட்டி, அந்தச் சீட்டுகளைச் சேர்க்க நடந்தது யார் என்று எனக்குத் தெரியும்.

இந்தப் பெண்கள் பள்ளிகளின் பிறப்பைப் படித்தபோது எனக்குக் கோபமும் மரியாதையும் கலந்தே வந்தன. கிராக்கோவ் நகரத்தில் 1883இல் பிறந்த சாரா ஷெனிரெர் ஒரு தையல்காரி. ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியாவில் பள்ளிப் படிப்பு கட்டாயம். வைதிக வீடுகள் பையன்களை எப்படியோ மறைத்துத் தோரா படிக்க அனுப்பின. பெண்களைப் போலிஷ் பள்ளிக்கு அனுப்பிச் சட்டத்துக்குக் கணக்குக் காட்டின. மகளுக்குத் தோரா கற்றுக்கொடுப்பது கெடுதல் என்ற ஒரு கருத்து தல்மூதில் உண்டு. அது வசதியாகப் போயிற்று. ஆகப் பெண்கள் போலிஷ் படித்தார்கள், ஜெர்மன் படித்தார்கள், நாடகம் பார்த்தார்கள், தங்கள் ஜெபப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியாமல் வளர்ந்தார்கள். சிலர் ஓடிப்போனார்கள். 1899இல் மிஹலினா அராத்தென் என்ற பெண் கிராக்கோவின் கன்னியர் மடத்துக்குள் போய்விட்டாள். பெற்றோருக்கு அவள் திரும்பக் கிடைக்கவே இல்லை. மகள்களுக்கு எதுவும் கற்பிக்காமல் விட்டதன் விலை அப்போதுதான் அப்பாக்களுக்கு உறைத்தது.

ஷெனிரெர் 1917இல் தன் தையல் அறையிலேயே சுமார் இருபத்தைந்து சிறுமிகளோடு பள்ளியைத் தொடங்கினார். பெயர் பெய்ஸ் யாக்கோவ், யாக்கோபின் வீடு. 1935இல் அவர் இறக்கும்போது இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள். முதல் திருமணம் மணவிலக்கில் முடிந்தவர், பிள்ளை பெறாதவர். அவரைத்தான் மாணவிகள் தாய் என்றார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த வரலாற்றை விரிவாக எழுதிய நவோமி சைட்மன் அதைப் பாரம்பரியத்தின் பெயரால் நடந்த புரட்சி என்கிறார். புரட்சி வளர்ந்ததும் நிர்வாகம் அகுதத் இஸ்ரேல் என்ற ஆண்களின் அமைப்புக்குப் போயிற்று. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. நாஜிகள் அந்த மாணவிகளில் பெரும்பாலோரைக் கொன்றார்கள். தப்பியவர்கள் போன இடமெல்லாம் பள்ளி தொடங்கினார்கள். கிராக்கோவில் ஷெனிரெரோடு கற்பித்த ஜூடித் க்ரூன்ஃபெல்ட் லண்டனுக்கு வந்து தலைமையாசிரியை ஆனார். 1944இல் வடக்கே கேட்ஸ்ஹெட் நகரில் பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தது. வேலியோரத் தோழி படித்தது அங்கேதான். ஷெனிரெர் பெயரைச் சொன்னதும் அவர் குரல் மாறியது. "அந்த அம்மா இல்லையென்றால் எனக்கு எழுத்துக்கூட்டி ஜெபிக்க மட்டும்தான் தெரிந்திருக்கும்."

கற்றுக்கொள்ளாமல் இருந்த பெண்களைக் கற்க வைக்கப் பிறந்த பள்ளி எந்த இடத்தில் எவ்வளவு கற்கலாம் என்று அளக்கத் தொடங்குகிறது? ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லின் யெசோதே ஹதோரா பெண்கள் பள்ளியில் அறிவியல் பொதுத்தேர்வுத் தாளில் பரிணாமம் பற்றிய கேள்விகளை மாணவிகள் கைக்கு வருமுன்பே மறைத்திருந்தது 2013இல் தெரியவந்தது. அரசு நிதியில் நடக்கும் பள்ளி அது. மறுவருடம் தேர்வுகளைக் கண்காணிக்கும் அமைப்பு இது கூடாது என்றது. பதில் எழுதினால் கிடைத்திருக்கும் மதிப்பெண் அந்தப் பெண்களுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

இதைச் சொன்னபோது தோழிக்குக் கோபம் வந்தது. "நாங்கள் அவர்கள் இல்லை. ஹெண்டனையும் ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லையும் ஒன்றாகப் போடாதீர்கள்." அவர் மகளுக்கு உயிரியலில் ஆசை. தோட்டத்து நத்தைகளை ஜாடியில் போட்டு நோட்டில் வரைந்து வைப்பவள். அதனாலேயே ஹஸ்மோனியன் முதலிடம் என்று அவர் நினைத்தார். கணவரின் அக்காவோ தனியார் பள்ளிதான் என்றார். காரணம், வரன். எந்தப் பள்ளி என்று கேட்டுத்தான் மாப்பிள்ளை வீட்டார் பேச்சைத் தொடங்குவார்களாம். மொழிபெயர்க்காமலே எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அதுதான்.

பள்ளிக்குள் சுவர் எழும்பிய இடமும் உண்டு. மேற்குக் கரையில் இம்மானுவேல் என்ற இஸ்ரேலியக் குடியேற்றத்தில் பெய்த் யாக்கோவ் பெண்கள் பள்ளியை 2007இல் இரண்டாகப் பிரித்தார்கள். ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசிச் சிறுமிகள் ஒரு பக்கம், அரபு நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் சிறுமிகள் பெரும்பாலும் மறுபக்கம். தனி வாசல்; விளையாட்டுத் திடலின் நடுவே வேலி. ஹசிதியப் பிரிவில் சேர விதிகள் இருந்தன. அவற்றில் ஒன்று, ஜெபத்தையும் பாடத்தையும் அஷ்கெனாசி உச்சரிப்பில் சொல்ல வேண்டும் என்பது. இலக்கணம் கற்பிப்பவள் என்பதால் இந்த விதியில் நின்றுவிட்டேன். தாய் வீட்டில் பேசும் ஒலியை வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்லும் பள்ளி. "எங்க வீட்ல பேசுறத காலேஜ்ல பேசினா சிரிக்கிறாங்க மேடம்" என்று என்னிடம் வந்து நின்ற பெண்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. 2009இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் பிரிவினை செல்லாது என்றது. அஷ்கெனாசிப் பெற்றோர் கீழ்ப்படிய மறுத்தார்கள். 2010 ஜூனில் அப்பாக்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களை வழியனுப்ப ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் திரண்டார்கள். சாதி என்ற சொல் அந்த மொழியில் வேண்டியிருக்கவில்லை.

பண்டிகையின் கடைசி நாட்களில் தோழி என்னைத் திருப்பிக் கேட்டார்: "நீங்கள் வேலை பார்ப்பதும் பெண்கள் கல்லூரிதானே? உங்கள் மாணவிகளை அங்கே சேர்த்தது யார்?"

நியாயமான கேள்வி. என் வகுப்பில் பாதிப் பேர், இது பெண்கள் கல்லூரி என்ற ஒரே காரணத்தால் வீட்டில் அனுமதி கிடைத்தவர்கள். எனக்கும் அப்படித்தான் நடந்தது; அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி நடந்துபோகும் தூரத்தில் இருந்ததால் பன்னிரண்டு வரை படித்தேன். எட்டோடு நின்ற என் அம்மாவுக்கு அப்படி ஒரு பள்ளி இருக்கவில்லை. சுற்றுச்சுவர்தான் எங்களுக்கு நுழைவுக் கட்டணம் என்று அவரிடம் சொன்னேன். கட்டணம் கட்டி உள்ளே வந்த பெண்ணுக்கு நூலகத்தில் எல்லா அலமாரியும் திறந்திருக்க வேண்டும். அங்கேயும் பூட்டுப் போட்டால் அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. "அலமாரியைத் திறந்துவிட்டால் அடுத்த வருஷம் அப்பாக்கள் அனுப்புவார்களா?" என்றார். எங்கள் கல்லூரி முதல்வர் அச்சுப் பிசகாமல் இதையேதான் கேட்பார்.

நான் கிளம்பும் வாரத்தில் அவர் இரண்டையும் செய்திருந்தார். அரசுப் படிவத்தில் ஹஸ்மோனியன் முதலிடம். தனியார் பள்ளிக்கும் விண்ணப்பக் கட்டணம் கட்டி, கைபேசிக் கேள்விக்கு உண்மையான பதில் எழுதுவதற்காகத் தன் ஸ்மார்ட்போனை அணைத்து சமையலறை இழுப்பறையில் போட்டுவிட்டு, பேச மட்டும் உதவும் சின்ன போன் ஒன்று வாங்கியிருந்தார். வீட்டிலிருந்தபடி கணக்கு எழுதிச் சம்பாதிப்பவர் அவர். வாடிக்கையாளர்கள் அனுப்பும் ரசீதுப் படங்கள் எல்லாம் அந்த போனில்தான் வரும். இனிக் கணவர் மாலையில் திரும்பிய பிறகு அவருடைய போனில் பார்த்துக்கொள்வார். கணவரின் கைபேசி பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.

மார்ச் முதல் வாரத்தில் தங்கை குரல் செய்தி அனுப்பினாள். ஹஸ்மோனியனில் இடம் கிடைத்துவிட்டது. நத்தை நோட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் இவள் வீட்டுக்கே ஓடிவந்து சொன்னதாம். அப்போ அவங்க போனைத் திரும்ப எடுத்துட்டாங்களா என்று கேட்டேன்.

"இல்லக்கா, டிராயர்லயேதான் இருக்கு. கீழ இன்னும் ரெண்டு பொண்ணு இருக்காங்களே."