இரத்தக்குழாய் மறக்காது

கதிர்ச்சிகிச்சை முடிந்த கையோடு எங்கட சனம் அதை மறக்கத்தான் பார்க்கும். மனதுக்கு அது நல்லது. ஆனால் இரத்தக்குழாய் மறக்காது. அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உயிரியலைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான். ஒஸ்லோவில் குசினி வேலை. என்றாலும் இப்படியான விசயங்களைத் தேடி வாசிக்கிற பழக்கம் விட்டுப்போகவில்லை.

இரத்தக்குழாயின் உட்பக்கத்தில் ஒரேயொரு அடுக்குக் கலங்கள், கல் பதித்த முற்றம் மாதிரி ஒட்டியிருக்கும். கதிர் பட்டால் அவற்றின் டி.என்.ஏ. முறியும். சில கலங்கள் செத்துப்போகும். சில சாகாமல் கிழடாகிவிடும். பிறகு அவை பிரியாது. தட்டையாகப் பெருத்து, அழற்சியைக் கூட்டுகிற பொருட்களைச் சுரந்துகொண்டிருக்கும். பல வருடம் கழித்துக் குழாய் ஒடுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை மார்புப் புற்றுநோய்க்குக் கதிர் வைத்த பெண்களில் 2,168 பேரை ஆராய்ந்து 2013இல் ஒரு கட்டுரை வந்தது. இதயத்தில் படுகிற ஒவ்வொரு கிரே கதிருக்கும் மாரடைப்பு போன்ற ஆபத்து 7.4 சதவீதம் கூடியதாம். முதல் ஐந்து வருடத்துக்குள் தொடங்கி இருபது வருடம் தாண்டியும் அது தொடர்ந்ததாம்.

எந்தக் கலம் எவ்வளவு கதிருக்கு எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் இப்போது இயந்திரக் கற்றல் வந்திருக்கிறது. முன்பு நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு கலமாய் மனிசர்தான் பார்த்து எண்ண வேண்டும். மூன்றாவது மூட்டை வெங்காயத்தில் என் கண் படுகிற பாடுதான் அவர்களுக்கும். செல்போஸ் போன்ற மென்பொருட்கள் ஒவ்வொரு கலத்துக்கும் தாமே எல்லை கீறிவிடும். பரப்பு, நீளம், கருவின் வடிவம் எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான கலங்களில் அளந்து, கதிர் பட்டதையும் படாததையும் பிரித்துக் காட்டலாம்.

ஆனால் மெஷினுக்குப் படிப்பித்தது மனிசர் கீறிக் காட்டிய படங்கள்தான். கண்ணாடித் தட்டில் வளர்கிற கலத்துக்குச் சலரோகமும் இல்லை, பிரஷரும் இல்லை. எங்கட ஆட்களுக்கோ இரண்டும் தாராளம்.

இதை வாசித்துவிட்டுக் கதிர்ச்சிகிச்சை வேண்டாம் என்று யாரும் நிற்க வேண்டாம். அது உயிர் காக்கிற வைத்தியம். அந்தப் பெண்களின் காலம் வேறு. இப்போது இடப்பக்க மார்புக்குக் கதிர் வைக்கும்போது மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். இதயம் கதிரின் வழியிலிருந்து விலகி நிற்கத்தான் அது.

என் மாமி ஒருவருக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் இடப்பக்கம் கதிர் வைத்தது. இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குடும்ப டொக்டரிடம் கதிர் வைத்த கதையைச் சொன்னீங்களோ என்று கேட்டேன். "அது முடிஞ்ச விசயம் தம்பி, அதையேன் திருப்பிக் கிளறுவான்?" என்றார். காரணம் கதிரோ வேறெதுவோ, அதைச் சொல்ல வேண்டியவர் டொக்டர். அவருக்கு முழுக் கதையும் தெரிய வேண்டாமா? அடுத்த கிழமை மொழிபெயர்க்க நானும் கூடப் போகிறேன்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், எந்த வருடம், எந்தப் பக்கம் கதிர் வைத்தது என்று ஒரு துண்டில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துவிடுங்கள்.