லண்டி கானாவுக்கு எப்படிப் போகணும்?

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "முதுகுன்றம் பஸ் எது சார்?" என்று கேட்டுப் பாருங்கள். கண்டக்டர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். நீங்கள் நிற்கும் ஊரே முதுகுன்றம்தான். தேவாரத்தில் அதுதான் பெயர். கோயிலுக்குள் கேட்டால் தெரியும், டிக்கெட் கேட்டால் தெரியாது. அப்படிக் கேட்பவர் ஒன்று தமிழ்ப் புலவராக இருக்க வேண்டும், இல்லை வெளியூர்க்காரராக இருக்க வேண்டும்.

நமக்கு அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. கண்டக்டர் சிரித்துவிட்டு விசில் கொடுப்பார். ஆனால் இதே மாதிரி ஒரு பழைய பெயரைச் சொல்லி வழி கேட்டு, மூன்று இந்திய விமானிகள் விடுதலைக்கு நாலைந்து மைல் முன்னால் மாட்டிக்கொண்டார்கள்.

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் சித்தப்பா. விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான் இங்கே பீங்கான் தொழிற்பேட்டையில், ஃப்யூஸ் கேரியர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். "மொதலாளிகிட்ட அரை நாள் லீவு கேக்கவே உனக்குத் தொண்டை அடைக்குது. சிறையிலேர்ந்து ஓடினவங்க கதை கேளுடா" என்று ஆரம்பித்தார். அப்புறம் நானே தேடித் தேடிப் படித்துக்கொண்டேன்.

திலீப் பருல்கர். விமானப்படையில் ஃப்ளைட் லெப்டினன்ட். 1965 போரிலேயே குண்டடிபட்டவர். தோளில் காயம், விமானமும் சேதம். குதித்துவிடு என்று சொல்லியும் கேட்காமல் விமானத்தைத் தளத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார். அதற்கு வாயு சேனா பதக்கம் கிடைத்தது. "நான் எப்பவாவது பிடிபட்டா, கண்டிப்பா தப்பிச்சு வந்துடுவேன்" என்று மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்த ஆசாமி. நம் ஆபீஸிலும் இப்படிச் சவால் விடுகிறவர்கள் உண்டு. மார்ச் கணக்கு முடிக்கும்போது ஆளைக் காணோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

1971 போரில் அவர் ஓட்டியது சுகோய்-7. ரஷ்யத் தயாரிப்பு. தாழப் பறந்து தரையில் இருக்கும் இலக்குகள்மேல் குண்டும் ராக்கெட்டும் போடுகிற விமானம். இந்த வேலையில் ஒரு சங்கடம். நமக்குக் கீழே இருப்பவன் நன்றாகத் தெரிவான். அவனுக்கும் நாம் நன்றாகத் தெரிவோம். டிசம்பர் 10-ம் தேதி விமானம் அடிபட்டது. பாரசூட்டில் குதித்தார். இறங்கிய இடம் பாகிஸ்தான்.

ராவல்பிண்டி முகாமில் மொத்தம் பன்னிரண்டு இந்திய விமானிகள். டிசம்பர் 16-ல் டாக்காவில் சரணடைதல், போர் முடிந்தது. 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தமும் ஆயிற்று. கைதிகள் மட்டும் எப்போது வீடு திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெனீவா உடன்படிக்கைப்படி அவர்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் பணம் உண்டு. அதைத்தான் வழிச்செலவுக்குச் சேர்த்தார்கள். பி.எஃப். பணத்தில் மதில் ஏறுவது என்றால் இதுதான்!

பருல்கரோடு சேர்ந்துகொண்டவர்கள் மல்விந்தர் சிங் கிரேவால், ஹரிஷ் சிங்ஜி. உள்ளேயிருந்து உதவியவர்கள் மற்ற எல்லோரும். காமத் என்ற விமானி ஊசியைக் காந்தமாக்கித் திசைகாட்டி செய்து கொடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அட்லஸ்தான் வரைபடம். கிடைத்த ஆயுதத்தை வைத்து, செங்கல்லைச் சுற்றியிருந்த சாந்தை ராத்திரி ராத்திரியாகச் சுரண்டினார்கள். சூளைக்குப் பக்கத்தில் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் எனக்கு இந்த இடம் தனியாகப் பிடிக்கும். வெந்த கல் அசையாது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற சாந்துதான் பொறுமைக்கு மசியும்.

1972 ஆகஸ்ட் 12. இரவு புயலும் மழையும். மூன்று பேரும் ஓட்டை வழியாக வெளியே வந்தார்கள். இந்திய எல்லைப் பக்கம் காவல் பலம். அதனால் எதிர்த்திசையில் ஆப்கானிஸ்தான். பஸ் பிடித்துப் பெஷாவர். அங்கிருந்து ஜம்ரூத். அப்புறம் கைபர் கணவாய் வழியாக லண்டி கோட்டல். லாகூரிலிருந்து ஊர் சுற்ற வந்த கிறிஸ்தவர்கள், பாகிஸ்தான் விமானப்படையில் வேலை என்று சொல்லிக்கொள்ள ஏற்பாடு. பருல்கருக்குப் பெயர் பிலிப் பீட்டர்.

காலை ஒன்பதரை மணி சுமாருக்கு லண்டி கோட்டலில் இறங்கியாயிற்று. எல்லை கூப்பிடு தூரம். கடைத்தெருவில் விசாரித்தார்கள்: "லண்டி கானாவுக்கு எப்படிப் போகணும்?"

வரைபடத்தில் ரயில் பாதை லண்டி கானாவில்தான் முடிகிறது. வெள்ளைக்காரன் 1926-ல் அங்கே ரயில் விட்டான். 1932-லேயே நிறுத்தியும் விட்டான். நாற்பது வருஷமாக ரயில் வராத ஸ்டேஷனுக்கு மூன்று இளைஞர்கள் வழி கேட்டால்? அங்கே இருந்த தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. ஆப்கானிஸ்தானுக்குத் தப்பி ஓடும் வங்காளிகள் என்று நினைத்துப் பிடித்து வைத்தார்கள். சுவர், காவல், புயல் எல்லாவற்றையும் தாண்டி வந்தவர்களை மடக்கியது ஒரு குமாஸ்தா! நம் இனத்தை யாரும் லேசாக எடைபோட வேண்டாம்.

விளையாட்டு இத்தோடு முடிந்தது. அது பழங்குடிப் பகுதி. ஒற்றர்கள் என்றோ ஓடுகாலிகள் என்றோ முடிவு கட்டிவிட்டால் கேட்க நாதியில்லை. பருல்கர் ஒரு போன் மட்டும் பேச வேண்டும் என்று கேட்டார். ஸ்குவாட்ரன் லீடர் உஸ்மான் ஹமீத். முகாமின் பொறுப்பில் இருந்து கைதிகளைக் கண்ணியமாக நடத்திய பாகிஸ்தான் அதிகாரி. அப்போது அவர்கள் விமானப்படைத் தளபதியின் உதவியாளராக மாறிப் போயிருந்தார்.

அவர் என்ன செய்திருக்கலாம்? "எனக்குத் தெரியாது" என்று வைத்திருக்கலாம். ஓடினது அவருடைய நாட்டுச் சிறையிலிருந்து. அவமானம் அவருடைய படைக்கு. அவரோ, இவர்கள் நம் கைதிகள்தான், பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு போன்காலில் மூன்று உயிர் நின்றது.

திரும்பக் காவல், தனிச்சிறை. பிறகு எல்லோரும் லயால்பூர் முகாமுக்கு. கடைசியில் 1972 டிசம்பர் 1-ம் தேதி வாகா வழியாக, ஓடினவர்களும் ஓடாதவர்களும் ஒன்றாகவே வீடு வந்தார்கள்.

நான் சித்தப்பாவிடம் கேட்டேன். "அப்ப எதுக்குச் சித்தப்பா இவ்வளவு பாடு? சும்மா இருந்திருந்தாலும் அதே தேதிக்கு வந்திருப்பாங்களே?"

"தேதி உனக்குத் தெரியும்டா. அவங்களுக்கு ஆகஸ்ட்ல தெரியுமா? எப்ப வீட்டுக்குப் போறோம்னு தெரிஞ்சவன் கைதி இல்ல, லீவுல இருக்கிறவன்" என்றார்.

2019-ல் நம் அபிநந்தன் பிடிபட்டபோது இந்த வார்த்தை எனக்கு ஞாபகம் வந்தது. பிப்ரவரி 27-ல் பிடிபட்டு மார்ச் 1-ல் வாகா வழியாக வந்துவிட்டார். மூன்றே நாள். அந்த மூன்று நாளும் நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்து, தேதி தெரியாமல் தவித்தது. பருல்கர் கூட்டத்தின் வீடுகளில் அந்தத் தவிப்பு ஒரு வருஷம் ஓடியிருக்கிறது, டி.வி. இல்லாமல்.

பருல்கர் 2025 ஆகஸ்டில் காலமானார். செய்தியைப் படித்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த உஸ்மானையும் நெனச்சுக்கோடா" என்றார்.