இடப்பக்கம் இழுத்த வண்டி

விழா மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது ஓர் இலக்கிய நயமாகவோ, சைவமும் தமிழும் வளர்த்த பெரியார் ஒருவரின் வரலாறாகவோ இருந்திருத்தல் கூடும். யானோ ஒரு பழைய மோட்டார்க் காரைப்பற்றி எழுதத் துணிந்தேன். காரணம் ஈற்றில் விளங்கும்.

என் தந்தையார் விட்டுச்சென்ற செல்வங்களுள் ஒன்று மொறிஸ் மைனர் கார். இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு முதலாகச் செய்யப்பட்ட இவ்வகைக் கார்கள் யாழ்ப்பாணத்து மண்ணில் வேரூன்றியவை. 1990களில் பெற்றோல் கிடையாத காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு எழுப்பியபின் மண்ணெண்ணெயில் ஓடி, பிள்ளைப்பேற்றுக்கும் பிணியாளருக்கும் உதவியவை. அக்காலத்தில் மாணவனாயிருந்த யான் அப்புகையின் மணத்தை இன்றும் மறந்திலேன்.

2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்திலே பல மாதங்கள் கொட்டிலில் நின்ற அவ்வண்டி, மீண்டும் தெருவுக்கு வந்தபொழுது புதியதொரு குணத்துடன் வந்தது. சுக்கானைச் சற்றே தளரவிட்டால் இடப்பக்கம் இழுக்கும். மழைநீர் வடிதற்பொருட்டுத் தெருவின் நடு உயர்ந்தும் ஓரஞ் சரிந்தும் இருப்பதனால், இடப்பக்கம் செல்லும் நம் வண்டிகள் ஓரத்தை நாடுதல் இயல்பேயென்று அமைதி கண்டேன். அது இடப்பக்கம் இழுக்க, யான் வலப்பக்கம் பிடித்தேன். சின்னாளில் கை பழகிற்று. பழகியபின் குறை குறையாகவே தோன்றவில்லை.

ஒருநாள் மாலை, எதிரே வந்த லொறியின் புழுதி மூக்குக்கண்ணாடியிற் படிய, அதனைத் துடைக்க ஒரு கையை எடுத்தேன். கண்மூடித் திறக்குமுன் வண்டி ஓரத்துக்குச் சென்றுவிட்டது. அங்கே துவிச்சக்கர வண்டியில் பள்ளிச் சிறுமியொருத்தி சென்றுகொண்டிருந்தாள். இருவர்க்கும் இடையே எஞ்சியது ஒரு சாண். அவள் திரும்பிப் பாராமலே சென்றாள். யான் வண்டியை நிறுத்தி, கை நடுக்கந் தீருமட்டும் அங்கேயே இருந்தேன்.

மறுநாள் என் பழைய மாணவன் ஒருவனிடம் வண்டியைக் கொண்டுசென்றேன். தன் வீட்டு வளவிலே மாமர நிழலில் கராச் நடத்துபவன் அவன். வகுப்பில் கடைசி வாங்கு அவனுக்குரியது. முதற் பாடவேளையிலே உறங்குவான். எத்தனையோ காலைகளில் அவனை விறாந்தையில் நிறுத்தியிருக்கின்றேன். தமிழில் சித்தியெய்தாமலே கல்லூரியை விட்டவன்.

அவன் ஆயுதமெதனையும் கையில் எடுத்தானில்லை. முதலிற் கேட்டது ஒரு கேள்வியே.

"எப்ப இழுக்குது, சேர்? ஓடேக்கையோ, பிறேக் பிடிக்கேக்கையோ?"

"ஓடும்போதே இழுக்கிறது, தம்பி. அதில் என்ன வேறுபாடு?"

"பெரிய வேறுபாடு, சேர். பிறேக் பிடிக்கேக்கை வலப்பக்கம் இழுத்தா, அனேகமாப் பிழை இடப்பக்கத்திலைதான். வேலை செய்யாத பக்கம் பேசாமல் இருக்கும். வேலை செய்யிற பக்கத்துக்குத்தான் பழி விழும்."

பின்னர் எளியதிலிருந்து அரியதற்கு ஒழுங்காகச் சென்றான். முதலிற் காற்று. முன் சில்லுகளுக்கு வேண்டியது 22 இறாத்தல். இடச் சில்லில் இருந்தது 18. காற்றுக் குறைந்த சில்லு உருளத் தயங்குமாதலின், வண்டி அப்பக்கம் சாயும். நிரப்பினான், இழுவை குறைந்ததேயன்றித் தீரவில்லை. அடுத்து, ஆளரவமற்ற விடியற்பொழுதில் தெருவின் நடுமேட்டிலே ஓட்டிப் பார்த்தான். சரிவில்லாத அவ்விடத்தும் இழுத்தது. ஆகவே தெருவின்மேற் குற்றமில்லை. மூன்றாவதாக, முன் சில்லுகள் இரண்டையும் இடம் வலமாக மாற்றினான். ரயரிற் குற்றமிருப்பின் இழுவையும் பக்கம் மாறியிருக்க வேண்டும்; மாறவில்லை.

நான்காவதாக, இரண்டு மைல் ஓட்டி, பிறேக்கை மிதியாது வண்டி தானாக நிற்கவிட்டு, சில்லுகளின் நடுவண்டை புறங்கையைக் கொண்டுசென்றான். வலப்பக்கம் வெதுவெதுப்பு, இடப்பக்கமோ கொதித்தது. ஜக் வைத்து உயர்த்திய இடச் சில்லு கையாற் சுழற்றவும் இணங்கவில்லை. பிறேக்கிலுள்ள காற்றகற்றும் சிறு திருகாணியைத் தளர்த்தினான். எண்ணெய் பீறிட்டது, சில்லு உடனே இலேசாகச் சுழன்றது.

நோய்முதல் அங்கே வெளிப்பட்டது. பிறேக் எண்ணெய் செல்லும் இறப்பர்க் குழாய், புறத்தே பளபளப்பாயிருந்தும், முதுமையால் உள்ளே வீங்கித் துளை ஒடுங்கியிருந்தது. காலின் வலிமை எண்ணெயை உட்செலுத்தும். மீட்கும் வில்லுக்கோ அதனைத் திருப்பியனுப்பும் வலிமையில்லை. ஆகவே, யான் பிறேக்கை விட்டபின்னும் இடச்சில்லு அதனை விடவில்லை. திருகாணியைத் தளர்த்தியும் சில்லு சுழலாதிருந்தால், துருப்பிடித்த சிலிண்டரையோ சோர்ந்த வில்லையோ நாடியிருப்பானாம். எதனையும் ஆராயாது சுக்கான் தண்டுகளைத் திருகி நேர்ப்படுத்த முயல்பவன் நோயை வைத்துக்கொண்டு வண்டிக்குக் கோணல் நடை பழக்குகிறான் என்பது அவன் கருத்து. இரு பக்கக் குழாய்களும் ஒரே வயதினவாகையால் இரண்டையும் மாற்றி, காற்றகற்றிப் புதிய எண்ணெய் நிரப்பினான். வண்டி நேரே ஓடிற்று.

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை இருபது ஆண்டுகளாகப் பாடஞ் சொல்லி வருகின்றேன். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்தே பரிகாரஞ் செய்க என்பதற்குப் பதவுரை, பொழிப்புரை எல்லாங் கூறியிருக்கின்றேன். ஆசிரிய கலாசாலையிலே பரிகாரக் கற்பித்தல் பற்றிப் பரீட்சை எழுதியும் தேறினேன். எனினும் அன்று மாமர நிழலில் நின்றபொழுதுதான் ஒரு கேள்வி என் நெஞ்சில் எழுந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"தம்பி, முதற் பாடத்தில் நீ ஏன் உறங்கினாய்?"

அவன் பழந்துணியிலே கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அப்பா செத்தாப்போலை விடிய மூண்டு மணிக்குப் பேக்கரியிலை வேலைக்குப் போனனான், சேர். அதை முடிச்சிட்டுத்தான் பள்ளிக்கூடம் வாறது."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேக்கேல்லை, சேர்."

அவன் குரலிலே குறையொன்றுமில்லை. வண்டியின் குற்றத்தை எடுத்துரைத்த அதே குரல்தான் அது. உறக்கம் என்ற குறியை நோயென்று கொண்டு, இழுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓர் ஆண்டு முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தவன் யான். என் பிழையைப் பொறுக்கும்படி அவனிடம் கேட்டேன். அவன் நாணிச் சிரித்து, காருக்குள்ளே தலையைப் புதைத்துக்கொண்டான்.

இப்பொழுதும் என் வகுப்பிலே பிந்தி வருவோரும் உறங்குவோரும் உளர். அவர்களை விறாந்தைக்கு அனுப்புமுன், எந்நாளில், எவ்வேளையில் அது நிகழ்கின்றது என்று கேட்டறிகின்றேன். எல்லாருக்கும் பரிகாரங் கண்டுவிட்டேன் என்று கூறேன்; சிலருக்குக் கண்டேன்.

கல்லூரி அன்னையின் விழா நாளிலே பழைய மாணவர் பலர் பட்டங்களோடும் பதவிகளோடும் வருவர். எண்ணெய் படிந்த கையோடு வரும் ஒருவனுக்கு முன்வரிசையிலே என்னருகில் ஓர் ஆசனம் வைத்திருப்பேன்.