ஆறு மணிக்குக் கேட்கும் சத்தம்

நான் அவரை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது. என்றாலும் மாலை ஆறு மணிக்கு ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், கை தானாகவே கேத்தலைத் தேடிப் போகும். ஏழு வருடம் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிய பழக்கம்.

இதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. அடித்தவனை நினைத்து அழுகிறாளே என்பார்கள். உண்மையில் அடி குறைவுதான். சம்பளத்தை வாங்கிக்கொண்டு பஸ் காசை எண்ணித் தந்ததும், இரவில் என் கைத்தொலைபேசியைக் கிண்டிப் பார்த்ததும், அம்மா வீட்டுக்குப் போய்வந்தால் மூன்று நாள் பேசாமலிருந்ததும்தான் அதிகம். பிறகு ஒருநாள் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கச்சான் வாங்கித் தந்து மன்னிப்புக் கேட்பார். அந்த ஒரு பின்னேரத்துக்காக அடுத்த மூன்று மாதத்தையும் பொறுத்துக்கொள்வேன். இன்றும் மனம் தேடுவது அந்தப் பின்னேரத்தைத்தான்.

1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்டேன். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் உடலில் பட்ட அடி மட்டுமல்ல, தொடர்ந்து மனத்தை வதைப்பதும் அடங்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. நடந்தவற்றைத் திகதியோடு எழுதி வரும்படி சட்டத்தரணி சொன்னார். ஒரு கொப்பி நிறைய எழுதினேன். நீதவான் நீதிமன்றம் 12 மாதத்துக்குப் பாதுகாப்புக் கட்டளை தந்தது. அதற்கு மேல் ஒரே கட்டளையில் கிடைக்காது.

அந்தக் காலம் முடிந்து சில நாளில், இரவு பதினொரு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "சாப்பிட்டியா?" அவ்வளவுதான். ஏழு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டது எத்தனை தரம்? ஆனாலும் நெஞ்சு இளகிவிட்டது. பதிலும் எழுதிவிட்டேன். பக்கத்தில் படுத்திருந்த அக்கா விழித்துக்கொண்டா.

"அனுப்பு புள்ள, நான் தடுக்கல்ல. முதல்ல அந்தக் கொப்பிய எடுத்து வாசி."

வாசித்தேன். பஸ் கொண்டக்டரோடு சிரித்தேன் என்று மழைக்குள் கிணற்றடியில் விடியும்வரை என்னை நிற்கவிட்ட நாள் அதில் இருந்தது. என் கையெழுத்துத்தான். ஆனால் அந்த நாளை நான் மறந்தே போயிருந்தேன்! எழுதிய பதிலை அழித்தேன்.

கேத்தல் இப்போதும் ஆறு மணிக்குத்தான் அடுப்பில் ஏறுகிறது. சில நாளில் அழுகையும் வரும். அக்கா பார்த்தும் பாராததுபோல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "சீனி காணாது" என்பா.