ஜரிகைக்குள் சிவப்பு நூல்

புடவையைக் கையில் வாங்கியதும் அவர் முந்தானையை விரித்துப் பார்ப்பதில்லை. இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தி எடை பார்க்கிறார். ஓரத்தைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்க்கிறார். முந்தானையும் உடலும் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவுகிறார். கொண்டுவந்தவர் பையிலிருந்து இரண்டாவது புடவையை எடுப்பதற்குள் அவர் மனத்தில் பாதிக் கணக்கு முடிந்திருக்கும்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வரிசையாக நிற்கும் பட்டுக்கடைகளைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்தால் அவருடைய கடை. வாசலில் ‘பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்’ என்ற பலகை. உள்ளே ஒரு பாய், ஒரு தராசு, ஓர் உரைகல், கத்தரிக்கோல், தீப்பெட்டி. அவருடைய அப்பாவும் இதே தொழில்தான் செய்தாராம். பட்டுப்புடவைகளைப் பற்றி எழுதுபவர்கள் நெசவாளர் வீட்டுக்குப் போவார்கள், பெரிய கடைக்குப் போவார்கள். பழசு வாங்குபவரிடம் போவதில்லை. புடவையின் வயதையும் அதில் உள்ள சரக்கையும் கண்டுபிடிப்பதில் இவர்களைப் போலத் தேர்ந்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தவறாகக் கணித்தால் அன்றைய கைமுதல் போய்விடும் என்பதால் வந்த தேர்ச்சி அது.

“முகத்தப் பாத்து வாங்குனா ஏமாந்துடுவோம்மா. பின்னாடி திருப்பிப் பாரு, எல்லாம் தெரிஞ்சிடும்” என்று ஒரு பச்சைப் புடவையைத் திருப்பிக் காட்டினார். உடல் பச்சை, கரை அரக்கு. இரண்டு நிறமும் சந்திக்கும் கோட்டில் குறுக்கிழைகளான பச்சை ஊடையும் அரக்கு ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போட்டதுபோல் பிடித்திருந்தன. இதுதான் கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இருபக்கக் கரைகளுக்கு ஒவ்வொரு நாடா என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் நெய்பவருக்குப் பக்கத்தில் கையாள் ஒருவர் உட்கார வேண்டும். முன்பெல்லாம் அந்தக் கையாள் பெரும்பாலும் பள்ளிக்குப் போகாத ஒரு பிள்ளை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் கோர்வைத் தறிகள் குறைந்தன. பிள்ளைகள் போனது சரிதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோர்வைப் புடவை கைக்கு வந்தால் அது அதிகம் உழைத்து நெய்தது, பெரும்பாலும் பழையது என்று இவர் ஊகிப்பதற்கு அதுவே காரணம்.

கட்டைவிரல் நீவிய இடத்துக்குப் பெட்னி என்று பெயர். உடல் ஒரு நிறம், முந்தானை வேறு நிறம் என்றால், முடியப்போகும் பாவின், அதாவது நெடுக்கு நூலின், ஒவ்வோர் இழையோடும் புதிய நிறப் பாவின் இழையைக் கையால் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த இணைப்பு மெல்லிய தழும்பாக விரலில் தட்டுப்படும். தட்டுப்படாமல் நிறம் மட்டும் மாறினால் அவர் உதட்டைச் சுழித்துப் புடவையைத் தள்ளிவைக்கிறார்.

அடுத்தது ஜரிகை. கரையின் ஓரத்திலிருந்து ஊசியால் ஓர் இழையை நெம்பி எடுத்து நகத்தால் சுரண்டினார். பொன்னிறம் விலகி உள்ளே சிவப்பு நூல் தெரிந்தது. நல்ல ஜரிகை என்பது வெள்ளியை மயிரிழையாக இழுத்து, தட்டையாக்கி, சிவப்புச் சாயம் போட்ட பட்டு நூல்மேல் சுற்றி, தங்கமுலாம் பூசியது. சுற்றின் இடுக்கில் உள்ளிருக்கும் சிவப்பு தெரிவதால்தான் மேலே உள்ள பொன் இன்னும் பழுத்துத் தோன்றுகிறது. தங்கம் அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது, சரக்கு வெள்ளிதான். பெரும்பகுதி சூரத்திலிருந்து வருகிறது. அடுத்த தரம் செம்புக் கம்பியில் வெள்ளி பூசியது. கடைசி, உலோகம் படிந்த பிளாஸ்டிக் இழை.

“சிவப்பு தெரிஞ்சிட்டா போதுமா?” என்று கேட்டேன்.

“போதாதும்மா. இப்ப பாலியஸ்டருக்கும் சிவப்புச் சாயம் போட்டு உள்ள வெச்சிடுறான்.”

இழையைச் சிமிட்டாவில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினார். முடி பொசுங்கும் நாற்றம் வந்தது. உள்நூல் கரியாகி, விரலில் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தது. வெள்ளிச் சுருள் அப்படியே நின்றது. பட்டு விலங்குப் புரதம். அதனால்தான் முடியின் நாற்றம். பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டி, ஆறியதும் கல்போன்ற மணியாக இறுகும். உடல் துணியையும் இப்படியே ஓர் இழை எடுத்துச் சோதிக்கிறார். பிறகு உரைகல். ஜரிகையை அதில் இழுத்துத் தீற்றலைப் பார்த்து வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சொல்கிறார். வெள்ளி காற்றுப் பட்டுக் கறுக்கும். செம்பு மங்கிச் சிவந்து, ஈரம் பட்ட இடத்தில் பச்சை பூக்கும். ஆகவே கறுத்த புடவையைக் கண்டு வீட்டுக்காரர்கள் கூசும்போது இவர் முகம் மலர்கிறது.

இப்போது ஜரிகைமேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகங்களின் சதவீதத்தைச் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன. அவருக்கு அவற்றின்மேல் மரியாதை உண்டு; பெரிய சரக்கு வந்தால் கருவி இருக்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோகிறார். கருவி உலோகத்தைச் சொல்லிவிடும். வயதைச் சொல்லாது.

புடவையில் யாரும் ஆண்டு நெய்வதில்லை. எனவே வயது என்பது பல சிறு சாட்சிகளை அடுக்கிப் பெறும் முடிவு. கரையில் உள்ள உரு சின்னதாக, ஒரே அளவில் திரும்பத் திரும்ப வந்தால் அது அடை கட்டி நெய்ததாக இருக்கலாம். ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன், பாவு இழைகளைத் தூக்க நூல் கட்டுகளைத் தறிக்கு மேலே தொங்கவிட்டு அவற்றைக் கையால் இழுத்தார்கள். எத்தனை கட்டு கட்ட முடியுமோ அந்த அளவுக்குத்தான் உரு. ருத்ராட்சம், மயில்கண், தாழம்பூ ரேக்கு எல்லாம் அப்படி வாழ்ந்த உருக்கள். கரை முழுக்க யானையும் யாளியும் பெரிதாக நடந்துபோனால் ஜக்கார்டு அட்டைகள் வேலை செய்திருக்கின்றன. ஜரிகையிலும் ஒரு தடயம் உண்டு. பழைய முறையில் வெள்ளிக் கட்டிமேல் தங்கத் தகட்டைப் போர்த்தி, பிறகே கம்பியாக இழுப்பார்கள். மின்முலாம் பின்னால் வந்தது. முந்தையதில் பொன் எளிதில் தேயாது.

நிறத்தை வைத்து வயது சொல்பவர்களை அவர் நம்புவதில்லை, நானும் நம்பவில்லை. வெளிர் நிறம் என்றாலே இயற்கைச் சாயம், இயற்கைச் சாயம் என்றாலே நூறு வயது என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். செயற்கைச் சாயம் 1856இலேயே பிறந்துவிட்டது, மெஜந்தா 1859இல். ஜெர்மனியின் செயற்கை அவுரி 1897இல் சந்தைக்கு வந்தது. இன்று நம் வீட்டுப் பெட்டிகளில் மிஞ்சியிருக்கும் புடவைகளில் மிகப் பெரும்பாலானவை இரசாயனச் சாயம் கண்டவை. அது அவற்றுக்கு இழுக்கும் இல்லை.

அவர் அதிகம் நம்புவது அட்டைப் பெட்டியையும் விலைச்சீட்டையும். நான் இருந்தபோது ஓர் அம்மாவும் கல்லூரியில் படிக்கும் மகளும் வந்தார்கள். அரக்கு நிறத்தில் ஒன்பது கெஜம், மடிப்புகளில் பட்டு இற்றுப்போயிருந்தது.

“யாரு கல்யாணத்துக்கு எடுத்ததும்மா?”

“எங்க மாமியாருக்குண்ணா. கூரைப்புடவை.”

“அவங்களுக்கு மூத்த புள்ள?”

“எங்க வீட்டுக்காரருதான். அறுபத்திரெண்டுல பொறந்தவரு.”

“அப்ப அறுபது, அறுபத்தொண்ணு” என்றபடி பெட்டியைப் புரட்டினார். கடை முகவரியில் பின்கோடு இல்லை. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15இல். ‘சேலைகள்’ என்பதில் ‘லை’ யானைத் துதிக்கையை மேலே சுழித்திருந்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். அச்சகங்களில் பழைய ஈய எழுத்து அதற்குப் பிறகும் சில காலம் ஓடியதால் இந்தச் சாட்சியை மட்டும் வைத்து அவர் முடிவு செய்வதில்லை. பெட்டிக்குள் நூலில் கட்டிய சீட்டு இருந்தது. நீளம் கெஜத்தில்; விலை ரூபாயிலும் ‘ந.பை.’யிலும். தசம நாணயம் 1957 ஏப்ரலில் வந்தது. ‘நயா’ என்ற அடைமொழி 1964 ஜூனில் நீங்கியது. அந்த ஏழு ஆண்டுகளுக்குள் விழுகிறது விலை. மாமியாரின் கல்யாணமும் அங்கேயே. “பொட்டி மாறும்மா. அக்கா பொட்டியில தங்கச்சி புடவய வெச்சிருப்பாங்க. சீட்டும் கல்யாணமும் ஒத்துப்போனாத்தான் கணக்கு” என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். ஓர் ஆவணக் காப்பகத்தில் இதைச் செய்தால் ஆய்வு என்று மதிக்கிறோம். பாயில் உட்கார்ந்து செய்பவருக்கும் அந்த மதிப்பு உரியது.

எடை போட்டு, ஜரிகை தேறும் அளவைச் சொல்லி, விலை சொன்னார். வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு கொடுக்க வருபவர்கள் கூடிவிட்டார்கள். கட்ட முடியாத புடவைக்குள் இருக்கும் வெள்ளிக்கு விலை ஏற ஏற, துணி துணியாக நிற்பது கடினமாகிறது. அந்த அம்மாவுக்குப் பணம் தேவைப்பட்டது. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. மகள் மட்டும், “அங்கிள், ஒரு துண்டு வெட்டித் தருவீங்களா? ஆயா ஞாபகத்துக்கு” என்றாள். அவர் மறுக்கவில்லை. எந்த இடத்தில் வெட்டுவது என்று சற்று யோசித்து, முந்தானையும் உடலும் கரையும் மூன்றும் சந்திக்கும் மூலையில் ஒரு சாண் வெட்டிக் கொடுத்தார்.

பின்கட்டில் இரண்டு பெண்கள் கரைகளைக் கத்தரித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உடல் பட்டு ஒரு குவியல், ஜரிகைக் கரை ஒரு குவியல். உடல் இற்றும் கரை மட்டும் கெட்டியாக இருந்தால் அதை எரிக்காமல் தனியே வைக்கிறார்கள். புதுத் துணியில் தைத்துக்கொள்ளக் கேட்டு வருபவர்கள் உண்டு. அந்த இரண்டு பெண்களில் மூத்தவர் கையைக் காட்டினார். ஜரிகைத் தூள் ஏறி ரேகைகளெல்லாம் கறுத்திருந்தன. “சோப்பு போட்டாலும் போவாதுக்கா” என்றார். எந்தப் புடவை கனமான ஜரிகை என்பதை அவரும் கத்தரிக்கோல் இறங்கும் சத்தத்திலேயே சொல்கிறார்.

உருக்கும் பட்டறை ஊருக்குச் சற்று வெளியே. இரும்புச் சட்டியில் கரைகளை எரித்து, சாம்பலைச் சலித்து, வெங்காரம் போட்டு மூசையில் உருக்குகிறார்கள். பிறகு நைட்ரிக் அமிலம். வெள்ளியும் செம்பும் கரைய, தங்கம் கரையாமல் பழுப்புப் பொடியாக அடியில் தங்குகிறது. கரைசலில் செம்புத் தகட்டை வைத்தால் வெள்ளி திரும்பப் படிகிறது. அமிலம் ஊற்றும்போது எழும் பழுப்புப் புகை நுரையீரலை அரிக்கும் நச்சு. அங்கே வேலை செய்த இளைஞர் முகத்தில் கைக்குட்டைதான் கட்டியிருந்தார். காற்று வீசும் திசை பார்த்து நிற்பதே அவருக்குத் தெரிந்த பாதுகாப்பு. சரியான முகமூடியும் புகைபோக்கியும் இல்லாமல் இந்த வேலை நடக்கக்கூடாது. வெள்ளி விற்ற பணத்தில் அதற்கு இடம் உண்டு.

மறுபடி ஊருக்குள், பிள்ளையார்பாளையத்தில், ஓய்வுபெற்ற ஒரு நெசவாளர் வீட்டுக்கு வழி சொன்னவர் கடைக்காரரே. எரிக்க மனம் வராத கரைத்துண்டுகளை அவருக்கு அனுப்பிவைப்பாராம். திண்ணையில் இழை எண்ணும் கண்ணாடியை ஒரு துண்டின்மேல் வைத்து, எண்ணி, கட்டம் போட்ட தாளில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார் அவர். ஒரு கட்டம் ஒரு பாவும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடம். அந்தத் தாளிலிருந்து ஜக்கார்டு அட்டை குத்தலாம், தறியில் ஏற்றலாம். ருக்மிணி தேவி 1937இல் கலாக்ஷேத்ராவில் தறிகள் போட்டபோது பழைய கரைகளும் உருக்களும் இப்படி மீண்டும் நெசவுக்கு வந்தன. இன்று பலர் ‘பாரம்பரியம்’ என்று தேடிக் கட்டும் அகலக்கரைப் புடவைகளுக்கு அந்த முயற்சியிலும் ஒரு வேர் இருக்கிறது. பார்த்து எடுப்பதற்குப் பழைய துணி கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

“உருவ எடுத்துடலாம். இந்தக் கோர்வையில அவன் இழையப் பிடிச்ச பிடி இருக்கே, அத எந்தத் தாள்லயும் போட முடியாது. துணிதான் வேணும்” என்றார். துண்டில் உடல் இழையும் கரை இழையும் மாறும் இடத்தைக் கண்ணாடி வழியே எனக்குக் காட்டினார். நெய்தவர் ஒவ்வொரு முறையும் இழையை ஒரே இறுக்கத்தில் நிறுத்தியிருந்தார். ஓரிடத்தில் மட்டும் இரண்டு இழை தளர்ந்திருந்தது. “இங்க கையாள் மாறியிருக்கான்” என்றார்.

இப்படி எரிபவற்றில் ஒவ்வொன்றும் ஒரு தறியின் கணக்கேடு. எல்லாப் புடவைகளையும் காப்பாற்றச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அருங்காட்சியகங்களும் அவ்வளவையும் வாங்காது. ஆனால் ஒரு சாண் துணியின் ஜரிகை மொத்த எடையில் பெரிதாக எதையும் குறைப்பதில்லை. கைத்தறித் துறையோ ஏதாவதொரு கல்லூரியின் ஆடை வடிவமைப்புத் துறையோ காஞ்சிபுரத்தில் பழசு வாங்கும் கடைகளோடு பேசி, அந்த ஒரு சாணைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்ய முடியும். கடைக்காரரின் கண்ணும் அதோடு பதிவாகும். அவர் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டதால் அதுவும் அவரோடு நின்றுவிடும் நிலையில் இருக்கிறது.

அதுவரை, விற்க முடிவு செய்தவர்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் புடவையின் இரு பக்கங்களையும் படம் எடுங்கள். யாருடைய கல்யாணம், எந்த ஊரில் எடுத்தது என்பதை எழுதுங்கள். பெட்டியையும் விலைச்சீட்டையும் தூக்கிப்போடாதீர்கள். வெட்டச் சொல்லும்போது பெட்னியும் கோர்வையும் ஜரிகையும் மூன்றும் வரும் மூலையைக் காட்டி வெட்டச் சொல்லுங்கள். துண்டை வெள்ளைப் பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, அந்துருண்டை ஜரிகைமேல் படாமல் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.