ஐந்தாம் நம்பர் கட்டில்

ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே போனால் காலை எட்டு மணிக்கு வெளியே வருவேன். பெண்கள் வார்டில் 14 கட்டில். ராத்திரிக்கு ஆள் இரண்டே பேர். பார்க்க வருகிறவர்கள் எங்களை ஆயா என்பார்கள்; சம்பள ரிஜிஸ்டரில் கேர்டேக்கர் என்று இருக்கும். ஓசூரில் ஒரு முதியோர் இல்லத்தில் இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அதில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, யாரும் கேட்கவில்லை.

இல்லத்தின் பெயர் வேண்டாம். எழுத வந்தது என் தப்பைப் பற்றி.

எங்கள் ஊர் எல்லையோரம். ஜூஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். பெங்களூருக்கு 40 கிலோமீட்டர்தான். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர், அங்கத்திய செலவு கட்டாது என்று பெற்றவர்களை இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். அதனால் ஒரே வார்டில் தமிழ்ப் பாட்டியும் தெலுங்கு அவ்வாவும் கன்னட அஜ்ஜியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருப்பார்கள். எங்களுக்கும் மூன்று பாஷையிலும் 'திரும்புங்க', 'வாயைத் திறங்க', 'முடிஞ்சுது' என்கிற அளவுக்குத் தெரியும்.

இந்த ஊரில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். 1970களில் சிப்காட் வந்த நாளிலிருந்து லாரி, டூ வீலர், கைக்கடிகாரம் என்று கம்பெனிகள் வந்தபடியே இருக்கின்றன. இப்போது கெலமங்கலம் பக்கம் செல்போன் பாகம் செய்யும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் பெண்களை எடுக்கிறார்கள். கம்பெனி வேலை என்றால் வீட்டுக்குப் பக்கத்திலேயே பஸ், கேண்டீன் சாப்பாடு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. அதை விட்டுவிட்டு அடுத்தவர் மலம் அள்ள எந்த இருபது வயசுப் பெண் வருவாள்? என்னைப் போல நாற்பது தாண்டியவர்களும், கம்பெனியில் நிற்க முடியாதவர்களும்தான் வருகிறோம். வந்தவர்களை அனுப்பவும் மேனேஜருக்குத் துணிச்சல் இருக்காது. நாளைக்கு யார் வருவார்கள்?

என்னோடு ராத்திரி ஷிஃப்டில் இருந்தவளுக்கு இது நன்றாகத் தெரியும்.

அவள் என்னைவிடப் பத்து வயசு சின்னவள். வாய்க்கு வாய் அக்கா என்பாள். பத்து மணி ரவுண்டுக்கு எழுந்தால், "நீங்க போய்க்கிட்டிருங்கக்கா, பின்னாடியே வர்றேன்" என்பாள். வர மாட்டாள். தாழ்வாரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு காதில் இயர்போனோடு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். விடியற்காலை மாற்ற வேண்டிய டயப்பரை அப்படியே விட்டுவைத்து, பகல் ஷிஃப்ட் வரும் நேரம் பார்த்துக் குளியலறைக்குள் போய்விடுவாள். ஆனால் சார்ட்டில் மட்டும் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும்: பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. ஒரே பேனா, ஒரே சாய்வு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டிருப்பாள்.

அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு சோகக் கதை வரப்போகிறது என்று எதிர்பார்க்காதீர்கள். குடிகாரப் புருஷன், நோயாளிக் குழந்தை, பகலில் இன்னொரு வேலை என்று எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. அவள் சோம்பேறி, அவ்வளவுதான். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் இது அவள் கதை இல்லை.

படுத்தே இருப்பவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி தோளையும் இடுப்பையும் பிடித்துத் தன் பக்கம் இழுக்க, இன்னொருத்தி முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகி, கீழே விரித்த துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட வேண்டும். தனியாகச் செய்தால் நம் இடுப்பு போகும். ஒரு வருஷம் அவள் பங்கையும் சேர்த்து நானே செய்தேன். ஒரு மார்கழி ராத்திரி குனிந்தவளால் நிமிர முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். நாலாவது தடவைதான் வந்தாள். வந்து, "என்னக்கா ஆச்சு?" என்றாள், ஒரு காதில் இயர்போனோடு.

அன்றைக்கு என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கடைசியில் ஒன்று சொன்னேன்: "இனிமே கட்டிலைப் பிரிச்சுக்கலாம். ஒண்ணுல இருந்து ஏழு உனக்கு. எட்டுல இருந்து பதினாலு எனக்கு. உன்னதை நான் தொட மாட்டேன்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு, "சரிக்கா" என்றாள். அந்தப் பங்கு பிரிப்பை ஆரம்பித்தது நான்தான். அவள் ஏழு கட்டிலையும் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் பிரித்தேன். மாட்டட்டும் என்று பிரித்தேன்.

ஐந்தாம் நம்பர் கட்டிலில் இருந்தவர் ஒரு அஜ்ஜி. பக்கவாதம் வந்து வலது பக்கம் வராது. உடம்பில் சதை இல்லை. இடுப்பெலும்பு தோலுக்கு அடியில் கை வைத்தால் தெரியும். தானாகத் திரும்ப முடியாது. இப்படிப்பட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்ற வேண்டும் என்பது எங்கள் வேலையில் அரிச்சுவடி. உடம்பின் பாரம் ஒரே இடத்தை அழுத்திக்கொண்டிருந்தால் அங்கே ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத தோல் செத்துப்போகும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினமும் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. அழுத்தியும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது. எங்கள் சிஸ்டர் இதைத் தன் உள்ளங்கையில் அழுத்திக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தார். செவிலியர் வேலைக்கே வழிகாட்டியான பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1859-இல் வந்த தன் புத்தகத்தில் படுக்கைப்புண்ணை நோயின் கணக்கில் எழுதாமல், பார்த்துக்கொள்பவர்களின் கணக்கில்தான் பெரும்பாலும் எழுதினார் என்றும் சொன்னார்.

ஆக, தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பங்கு பிரித்த முதல் ராத்திரி, இரண்டு மணிக்கு அஜ்ஜி முனகினார். அவள் எழவில்லை. நான் போனேன். போர்வையை விலக்கிப் பார்த்தால் வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினேன். வெளுக்கவில்லை. அஜ்ஜி, "நோவு தாயி" என்றார்.

நோவு என்றால் கன்னடத்திலும் நோவுதான், எங்கள் பக்கத்துத் தமிழிலும் நோவுதான். தாயியும் அப்படியே. எனக்குப் புரியாத பாஷையில் அவர் எதுவும் சொல்லவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? செல்போனை எடுத்து டார்ச்சைப் போட்டு அந்தச் சிவப்பைப் படம் பிடித்தேன். நேரமும் தேதியும் அதில் பதியும் என்று எனக்குத் தெரியும். பிறகு போர்வையை மூடிவிட்டு எட்டாம் நம்பருக்குப் போய்விட்டேன். ஒரு தலையணை செருக அரை நிமிஷம் ஆகும். செருகவில்லை. செருகினால் அது அவள் செய்ததாகிவிடும், சார்ட்டில் அவள் போட்ட டிக் உண்மையாகிவிடும் என்று தோன்றியது.

இரண்டாம் ராத்திரி சிவப்பு கருநீலமாகியிருந்தது. படம் எடுத்தேன். மூன்றாம் ராத்திரி தோல் உரிந்து ஈரம் கசிந்தது. படம் எடுத்தேன். நாலாம் ராத்திரி நடுவில் குழி விழுந்திருந்தது. நல்ல வெளிச்சம் வேண்டும் என்று அஜ்ஜியை ஒரு பக்கமாகச் சாய்த்தேன். ஆமாம், படம் எடுப்பதற்காக அவரைப் புரட்டினேன். எடுத்து முடித்ததும் பழையபடி மல்லாக்கவே விட்டேன்.

பகல் ஷிஃப்டில் மூன்று பேர் இருந்தார்கள். டயப்பர் மாற்றும்போது அவர்களும் பார்த்திருப்பார்கள், ராத்திரிக்காரிகள் சொல்லியிருப்பார்கள் என்று விட்டிருப்பார்கள். அவர்கள் கணக்கை அவர்கள் எழுதட்டும்.

ஐந்தாம் நாள் காலை மேனேஜர் அறைக்குப் போவதற்கு முன்னால் குளியலறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டேன். நாலு படத்தில் முதல் மூன்றை அழித்தேன். அவற்றைக் காட்டினால் நாலு ராத்திரியும் நான் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். அவளைக் காட்டிக்கொடுக்கச் சேர்த்த சாட்சி, மூன்று பங்கு எனக்கு எதிரான சாட்சி. கடைசிப் படத்தை மட்டும் காட்டினேன். "நேத்து ராத்திரிதான் சார் பார்த்தேன்" என்றேன். பதறிப்போன குரலில் சொன்னேன். நன்றாகவே நடித்தேன்.

அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். போகும்போது பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். "நீங்களும்தானேக்கா இருந்தீங்க?" என்றாள். வார்டில் எல்லோருக்கும் கேட்டது. திமிரைப் பார் என்றார்கள். அந்த இடத்திலேயே சரியான கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. டாக்டர் வந்து செத்த தோலை வெட்டி எடுத்தார். தினமும் சலைன் விட்டுக் கழுவி, துணி வைத்துக் கட்ட வேண்டும். கட்டுப் பிரிக்கும்போது அஜ்ஜிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். தலைமாட்டில் நான்தான் நிற்பேன், என் கையைத்தான் பிடிப்பார். நகம் பதியும் அளவுக்குப் பிடித்துக்கொண்டு தாயி தாயி என்பார். புண்ணைக் கண்டுபிடித்துச் சொன்னதே நான்தான் என்று சிஸ்டர் அவர் மகனிடம் சொன்னார். மகன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிட்டேன்.

அஜ்ஜி அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார். காய்ச்சல் வந்து போனார்.

2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் 24-ஆவது பிரிவு ஒன்று உண்டு. பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருப்பவர், வயசானவரை அடியோடு கைவிடும் எண்ணத்தில் எங்காவது விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்கள் ஆபீஸ் சுவரில் அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளுக்காக எழுதியது. நான் அஜ்ஜியை எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை. சுத்தமான விரிப்பு போட்ட கட்டிலிலேயே, பக்கத்தில் நின்றுகொண்டே கைவிட்டேன். அந்தச் சட்டத்தில் அதற்குப் பிரிவு கிடையாது.

இப்போது என்னோடு வேறொருத்தி இருக்கிறாள். இவளும் சில நாள் கம்பி நீட்டுவாள். சண்டை போடுகிறேன். ஆனால் முதலில் புரட்டிவிட்டு, கையைக் கழுவிவிட்டுப் போடுகிறேன். யார் கட்டில் என்று பார்ப்பதில்லை. இவள் செய்யாததை நான் செய்தால், அன்றைக்கே ரிப்போர்ட் புத்தகத்தில் 'இதை நான் செய்தேன்' என்று நேரம் போட்டு எழுதிவிடுகிறேன். ஷிஃப்ட் மாறும்போது நோட்டைக் கைமாற்றினால் போதாது என்று சிஸ்டரிடம் கேட்டு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: வருகிறவளும் போகிறவளும் சேர்ந்து படுத்தே இருப்பவர்களைப் புரட்டி முதுகைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. பத்து நிமிஷ வேலை. இது அன்றைக்கே இருந்திருந்தால் அவளும் தப்பியிருக்க முடியாது, நானும் தப்பியிருக்க முடியாது.

உங்கள் அம்மாவையோ அப்பாவையோ பார்க்க இல்லத்துக்கு வந்தால், எங்களிடம் "நல்லா பார்த்துக்கிறீங்களா?" என்று கேட்காதீர்கள். நாங்கள் ஆமாம் என்றுதான் சொல்வோம். போர்வையை விலக்கி முதுகைப் பாருங்கள். குதிகாலைப் பாருங்கள். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள்.

அந்த மாதம் அவளுக்கு வேலை போனது. அடுத்த மாதம், பொறுப்பாக இருந்தேன் என்று எனக்கு ஐந்நூறு ரூபாய் கூட்டினார்கள். இன்றைக்கும் அது என் சம்பளத்தில் இருக்கிறது.