நூறு ரூபாய் நோட்டில் ஒரு சீனிவாசன்!

காசிமேட்டுக் கரையில் கடலைப் பார்த்து நின்றால், வலது கைப் பக்கமாக சுமார் 4,500 கிலோமீட்டர் தள்ளி ஒரு தீவு. மொரீஷியஸ். உலக வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் நாடே மறைந்துவிடும். ஆனாலும் ஆப்பிரிக்க நாடுகள் பட்டியலில் கம்பீரமாக இடம் உண்டு. அதனால்தான் "ஆப்பிரிக்கா போறேன்" என்று சொன்னதும் தண்டையார்பேட்டை நண்பர் ஒருவர், "சிங்கம் கிங்கம் இருக்கப் போவுது, ஜாக்கிரதை சார்" என்று வழியனுப்பினார்.

காட்டுச் சிங்கமெல்லாம் கிடையாது. டோடோ என்று பறக்கத் தெரியாத ஒரு குண்டுப் பறவை இருந்தது. 1598-ல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நூறு வருஷத்துக்குள் அதுவும் காலி!

விமான நிலையத்தில் பணம் மாற்றினேன். அங்கேயும் ரூபாய்தான், ஒன்றுக்கு நம் பணம் இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. நூறு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் எழுத்து! படத்தில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன். வக்கீல், அரசியல்வாதி, 1958-ல் காலமானவர். பெயரை பிரெஞ்சு உச்சரிப்புக்குத் தோதாக 'ரெங்கநாதென் சீனிவாசென்' என்று எழுதுகிறார்கள். அதனால் என்ன, நம்ம ஆள்தான்.

டாக்ஸியில் ஏறினால், டேஷ்போர்டில் வேலும் மயிலுமாக முருகன். ஆசையாக, "நீங்க எந்த ஊருங்க?" என்றேன். டிரைவர் சிரித்துக்கொண்டே "வணக்கம்" என்றார். அத்தோடு தமிழ் முடிந்தது. பாக்கியெல்லாம் உடைந்த ஆங்கிலம். வீட்டில் பேசுவது கிரியோல், அதாவது பிரெஞ்சு ஊறிய உள்ளூர் மொழி. "தமிழ் படிக்கத் தெரியாது. பார்த்தால் தமிழ் என்று தெரியும்" என்றார்.

போர்ட் லூயி துறைமுகத்தை ஒட்டி, கடலைப் பார்த்தபடி ஒரு பிரெஞ்சுக்காரர் சிலையாக நிற்கிறார். லா போர்தொனே. 1735-ல் கவர்னராக வந்து இந்த ஊரைக் கட்டி எழுப்பியவர். கட்ட ஆள் வேண்டுமே? புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். அவர்கள் குடியிருந்த பகுதிக்கு 'மலபார் முகாம்' என்று பெயர். (தமிழனை மலபார் என்பது அந்தக் காலத்து ஐரோப்பியர்களின் வழக்கம். நாமும் எல்லா வெள்ளைக்காரனையும் 'தொரை' என்றுதானே சொன்னோம்!)

இதே லா போர்தொனேதான் 1746 செப்டம்பரில் கப்பல் படையோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தவர். நகரத்தைத் திருப்பிக் கொடுக்க 11 லட்சம் வராகன் பேரம். புதுச்சேரியில் இருந்த டூப்ளே ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அக்டோபர் புயல் வந்து பிரெஞ்சுக் கப்பல்களைப் பதம் பார்த்தது. கோட்டையில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் மாறுவேஷத்தில் கடலூருக்குத் தப்பி ஓடினார். பெயர் ராபர்ட் கிளைவ். ஆபீஸ் குமாஸ்தாக்களை இளப்பமாக நினைப்பவர்கள் கவனிக்க!

சென்னை 1749-ல் ஆங்கிலேயருக்குத் திரும்பி வந்தது. 1810-ல் அவர்கள் மொரீஷியஸையே பிடித்துக்கொண்டார்கள். அந்தப் படையில் சென்னையிலிருந்து போன சிப்பாய்களும் இருந்தார்கள்.

1834-ல் கல்கத்தாவிலிருந்து 36 பேர் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தார்கள். அதன் பிறகு லட்சக்கணக்கில். பீகார்ப் பக்கத்து ஆட்கள் அதிகம், சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழர், தெலுங்கர்களும் உண்டு. அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் இன்று யுனெஸ்கோ பாதுகாக்கும் இடம். அந்த 16 கல்படிகளைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேச்சு வராது. ஏறிய பிறகு பெயர் பின்னால்தான், முதலில் நம்பர்.

இந்தக் கதை தெரிந்தால்தான் நோட்டுச் சண்டை புரியும். 1998 நவம்பரில் புது நோட்டு அடித்தபோது வரிசையை மாற்றிவிட்டார்கள். ஆங்கிலம், அடுத்து நாகரி எழுத்து, தமிழ் மூன்றாவது. தமிழர்கள் கொதித்துவிட்டார்கள். அவர்களை விட நூறு வருஷம் முன்னால் வந்தவர்கள் நாங்கள், எங்களைப் பின்னால் தள்ளுவதா? போராட்டம் வலுத்து, 1999-ல் அந்த நோட்டுகளை வாபஸ் வாங்கி, பழைய வரிசையில் மறுபடி அடித்தார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் வெகு சொற்பமான ஒரு நாட்டில் இது நடந்தது! படிக்கத் தெரியாத எழுத்துக்கு ஏன் இத்தனை வீம்பு என்று கேட்கலாம். தாத்தா போட்டோவை நடுக்கூடத்திலிருந்து எடுத்துக் கொல்லைப்புறத்தில் மாட்டினால், அவரைப் பார்த்தே இராத பேரனுக்கும் கோபம் வராதா?

சுற்றிப் பார்க்க நிறைய உண்டு. சமரேலில் ஏழு வண்ண மண்மேடு. எரிமலைப் பாறை கொடுத்த வரம். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்திருந்த லெ மோர்ன் மலை. பீச்சுகளை வர்ணிக்க மாட்டேன், சினிமா டூயட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். தெருவில் 'காத்தோ பிமா' என்று சுடச்சுட விற்கிறார்கள். பிட்டால், நம்ம பருப்பு வடை! கீரைக்கு 'பிரெத்', முருங்கைக் கீரை 'பிரெத் முரூம்'. ரசம் 'ரசோன்' ஆகிவிட்டது. கோயில் விசேஷத்தில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிறார்கள். மொழி தேய்ந்த இடத்தில் நாக்கு மட்டும் எதையும் மறக்கவில்லை.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. போவதானால் தைப்பூசத்துக்குப் போங்கள். அங்கே அரசு விடுமுறை. புயல் சீசன்தான், குடை முக்கியம். காத்ர் போர்ன் ஊருக்குப் பக்கத்தில் கோர் த கார்த் மலைச்சரிவில் முருகன் கோயில். காவடியோடு வெறுங்காலில் ஏறுவார்கள். செருப்பைக் கீழேயே விட்டுவிடுங்கள். வெயிலில் படி கொதிக்கும், காலையில் எட்டு மணிக்குள் ஏறிவிடுவது நல்லது.